அப்பா வைத்துக்கொண்ட மூன்று டைப்ரைட்டர்கள்

எங்கள் அப்பாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, பீடி சிகரெட் கிடையாது. அத்தனைக்கும் சேர்த்து டைப்ரைட்டர் இருந்தது. திருத்தங்கலில் எங்கள் வீட்டில் இருந்ததே இரண்டு அறை. அதில் ஒன்றில் பலகை அடித்துப் பதினாலு டைப்ரைட்டர்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார். மற்றொன்றில் நாங்கள் மூன்று பேரும் சமையல் சாமான்களோடு படுத்துக்கொள்வோம். “மிசினெல்லாம் சொகமா இருக்கு, மனுசங்க முடங்கிக் கெடக்கோம்” என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது.

அப்பா வேலை பார்த்தது பட்டாசுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில். இளவயதில் டைப்பிங் படித்துப் பரீட்சையும் பாஸ் செய்திருந்தார். டைப்பிஸ்ட் வேலை மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. கம்பெனிகளில் கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டரை மூலையில் ஒதுக்கினார்களோ இல்லையோ, இவர் போய்க் கேட்டு வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஓடாததையும் விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, எண்ணெய் விட்டு, ஓடுகிற ஒவ்வொன்றிலும் என் பெயரை அடித்துக் காட்டுவார்.

என் உயிர் ஒரு சிவப்பு டைப்ரைட்டரில் இருந்தது. சின்னது, மூடி போட்டால் கைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். பெரியவளானதும் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி விருதுநகரில் ஏதாவது ஒரு பெரிய ஆபீசுக்கு வேலைக்குப் போவதென்று ஒன்பது வயதிலேயே முடிவு செய்திருந்தேன். என்ன வேலை என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அந்த வருஷம் சீசன் நேரத்தில் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த என் அத்தைக்கு, அப்பாவின் அக்காவுக்கு, வலது கை வெந்துபோனது. நாலு மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைக்குள் மடங்கிவிட்டன. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. அப்பா யாரிடமும் கேட்காமல் அத்தையை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அப்பா டைப்பிங் படித்ததே அத்தையின் கூலியில்தான்.

வந்த நாளிலிருந்து அத்தை சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். கையைச் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருப்பார். இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனால் தட்டை இழுத்துக்கொள்வார்.

“ஏலே, இந்தக் கையை வச்சுக்கிட்டு ஒரு ஏனம் கழுவ முடியாது. ஒக்காந்து திங்கிறதுக்கா இங்கன இருக்கணும்? நாளைக்கு நான் ஊருக்குப் போயிறேன்லே.”

“போகலாம், போகலாம். மொதல்ல சாப்பிடுக்கா” என்பார் அப்பா. மறுநாளும் இதே பேச்சுதான் நடக்கும்.

அத்தைக்கு டைப்ரைட்டர் அறையை ஒழித்துக் கொடுப்பதென்று முடிவானது. பரணில் மூன்று டைப்ரைட்டர்தான் தாங்கும், மற்றவற்றை விற்றாக வேண்டும். அப்பா அம்மாவிடம் அந்த மூன்றையும் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்த கறுப்புத் தமிழ் மிஷின், பெரிய கணக்குத்தாள் நுழையும் நீள மிஷின், பிறகு பச்சை. சிவப்பைச் சொல்லவே இல்லை.

யோசித்துப் பார்த்தேன். மூன்றில் ஒன்று கெட்டுப்போனால் அந்த இடம் சிவப்புக்கு வந்துதான் ஆகவேண்டும். மறுநாள் மத்தியானம், அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, ஸ்குரூ டிரைவரைப் பச்சையின் எழுத்துக் கம்பிகளுக்கு நடுவே விட்டு என் பலம் முழுவதையும் போட்டுத் திருகினேன். இரண்டு கம்பிகள் ஒடிந்தன, நாலைந்து கோணிக்கொண்டன. படுபாவி, எனக்கு அப்போது துளிகூட வருத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையிலிருந்து பழைய பொருள் வியாபாரி ஒருவர் லோடு ஆட்டோவோடு வந்தார். பழைய டைப்ரைட்டர்களை ஓட்டல்களில் அழகுக்கு வைக்க வாங்குகிறார்களாம். அப்பா எல்லாவற்றையும் முன்னறையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தாள் செருகி அடித்துக் காட்டினார். அத்தை வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தாரும் நீள மிஷினும் ஒரு பக்கமாக ஒதுங்கின. அடுத்து பச்சை. அப்பா ஒரு விசையை அழுத்தினார், கம்பி எழவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன்.

வியாபாரியும் எட்டிப் பார்த்தார். “இது உதவாது அண்ணாச்சி. எடைக்குத்தான் போகும். வச்சிருந்தாலும் சும்மா எடத்தத்தான் அடைக்கும்.”

இதைவிட நல்ல சமயம் எனக்கு எப்போது வாய்க்கும்?

“ஆமாப்பா! அது ஒண்ணுக்கும் உதவாது! எடைக்குப் போட்ருங்கப்பா! எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அத்தை தலைப்பை இன்னும் இழுத்துக் கையின்மேல் போர்த்திக்கொண்டார். ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அத்தை பக்கம் திரும்பவில்லை. பச்சையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய்ப் பரணுக்குக் கீழே வைத்தார். “இது வீட்லயே இருக்கட்டும்” என்றார். அதோடு நின்றாரா? விசைகள் பாதி உதிர்ந்துபோன ஒன்றையும், துருப்பிடித்து இறுகிப்போன இன்னொன்றையும் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு தாசில்தாரையும் நீள மிஷினையும் தானே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார். தாசில்தாரை இறக்கிவைத்துவிட்டு ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்தபடி நின்றார். அதன் பக்கத்தில் என் சிவப்பும் ஏறியது.

“என்ன அண்ணாச்சி, நல்லதையெல்லாம் குடுத்துட்டு ஓடாதத வச்சுக்கிறீக?” என்று வியாபாரி சிரித்தார்.

“நல்லதுக்கு எங்க போனாலும் எடம் இருக்கு” என்றார் அப்பா. “இதுக வீட்லதான இருக்கணும்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் புரண்டு அழுதேன். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பின்னாலேயே ஓடினேன். திரும்பி வந்து காலியான அறையில் குப்புற விழுந்து கிடந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் என் தலையைத் தடவினார். நான் கையைத் தட்டிவிட்டேன்.

“எல்லாம் ஒங்களாலதான்! நீங்க ஏன் இங்க வந்தீக? நீங்க வரலேன்னா என் மிசின் எங்கயும் போயிருக்காது!”

“ஆமா தாயி” என்றார் அத்தை. “என்னாலதான்.”

நிமிர்ந்து பார்த்தேன். கண் நிறைய நீர் நின்றது. ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தெளிந்த முகத்தை அத்தையிடம் நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கினால் யாருக்காவது முகம் இப்படி ஆகுமா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது தலைப்பை விலக்கி அந்தக் கையாலேயே தட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லி அம்மாவிடம் கேட்டார்.

அப்பா அன்றைக்குத் தன் ஆசை மிஷின்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் பதில் சொன்னார். உதவாது, எடைக்குப் போடு என்று நான் கத்திய வார்த்தையை, தான் உயிராக வைத்திருந்த இரண்டைக் கொடுத்து அழித்தார். ஒடித்தது யார் என்று சாகும்வரை என்னிடம் கேட்கவும் இல்லை. இதெல்லாம் எனக்கு உறைக்க இருபது வருஷமானது. அதற்குள் அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

அன்றைக்குப் பிறகு, ஊருக்குப் போகிறேன் என்ற பேச்சை அத்தை எடுக்கவே இல்லை. இவ்வளவு திட்டியும் இந்தப் பொம்பளை கிளம்பவில்லையே என்று, எனக்குத்தான் பல நாள் ஆத்திரமாக வந்தது.