ரேடியோக்காவின் சிரிப்பு போன வழி

அப்பா அம்மா வைத்த பெயர் வீட்டுக் கதவில் பித்தளைப் பலகையில் பளபளவென்று இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. அந்தக் குடியிருப்புக்கே அவர் ரேடியோக்காதான். அவர் வாயைத் திறந்தால் மூடுவது அவர் கையில் இல்லை. எதிரில் நிற்பவருக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தால்தான் உண்டு. மூன்றாம் மாடியில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கீழ்வீட்டுக்காரர் புது மெத்தை வாங்கியும் ஏன் சோபாவில் படுக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கவும் ஒரு கம்பெனி இருந்தது. லிஃப்ட் கம்பெனி. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால், அழைப்பு ரேடியோக்காவுக்கு வரும். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்பது அவருடைய கம்ப்யூட்டர் திரையில் தெரியும். பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் வந்து கதவைத் திறக்கிற வரைக்கும் உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பயத்தை மறக்கடிக்க வேண்டும். முதல் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாவதற்குத்தான் ரேடியோக்கா.

"என்கிட்ட மாட்டினவங்க யாரும் அழுதுக்கிட்டு வெளிய வந்ததில்ல" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். விசாரித்துப் பார்த்தால் அதில் கலப்படமே இல்லை. கதவு திறந்த பிறகும் லிஃப்டை விட்டு இறங்காமல் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உண்டு.

பிறகு கம்பெனி ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. ஒரு லேப்டாப் வந்தது, ஒரு ஹெட்செட் வந்தது, கூடவே விபிஎன் என்று ஒன்று வந்தது. அதைப் போட்டால்தான் லிஃப்ட் திரை திறக்கும். போட்டுவிட்டாலோ, வீட்டு லேப்டாப்பிலிருந்து எங்கோ தொலைவில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு ஒரு மூடின குழாய் போட்ட மாதிரி. லேப்டாப்பிலிருந்து கிளம்புகிற எதுவானாலும் அந்தக் குழாய்க்குள் புகுந்து, தலைமை அலுவலகத்தில் தலையைக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகும். ரேடியோக்காவின் குரலும் அப்படித்தான் போனது. இது அப்போது அவருக்குத் தெரியாது.

ஒரு வக்கீல் லிஃப்டில் மாட்டினார். வெளியே வந்ததும் முதல் வேலையாகப் புகார் கொடுத்தார். "நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொல்றேன், அந்தம்மா சிரிக்கிறாங்க!"

சூப்பர்வைசர் மேடம் பதிவைப் போட்டுக் காட்டினார். வக்கீல் முதலில், "லேட்டா போனா லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்னு சொன்னா என் பொண்டாட்டி நம்ப மாட்டா" என்றார். சத்தமே இல்லை. அப்புறம், "நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா" என்றார். உடனே ரேடியோக்காவின் சிரிப்பு கலகலவென்று வந்து விழுந்தது.

"மேடம், நான் அந்தப் பொண்டாட்டிக்குத்தான் சிரிச்சேன். நெஞ்சுக்கு இல்ல!"

"எதுக்குச் சிரிச்சீங்களோ, கேக்கறவருக்கு அப்படித் தெரியலையே. அடுத்த மாசத்துல இருந்து எழுதிக் குடுக்கற தாளைப் பாத்து அப்படியே படிங்க. அதுல சிரிப்பு கிடையாது."

ரேடியோக்காவின் கணவர் வீட்டு முன்னறையில் திரைச்சீலை தைப்பவர். மெஷினை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ரேடியோக்கா நேராகப் போய் அவர் முன்னால் நின்றார்.

"என்னங்க, அடுத்தவங்களுக்கு நெஞ்சு அடிச்சா சிரிக்கிறவளா நான்?"

"சேச்சே. அவங்க எழுந்து போனதுக்கு அப்புறந்தான் சிரிப்ப."

"விளையாடாதீங்க. தாளைப் பாத்துப் படிக்கணுமாம். அதுக்கு நான் எதுக்கு? ஒரு கிளியைப் புடிச்சு உக்கார வைக்கலாமே?"

மெஷின் நின்றது. அவர் மெஷினை நிறுத்தினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம். "உன் பேச்சக் கேட்டு உயிரோட வந்தவங்க எத்தன பேரு! தாளாம் தாளு" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வழி தெரியவில்லை.

வழியைக் காட்டியது நாத்தனார். வேலை முடிந்து விபிஎன்னை அணைத்துவிட்டு, அதே லேப்டாப்பில், அதே ஹெட்செட்டில் ரேடியோக்கா நாத்தனாரைக் கூப்பிட்டுத் தன் துக்கத்தைக் கொட்டினார். முழுசாகக் கேட்டுவிட்டு நாத்தனார் சொன்னார்:

"அண்ணி, இப்பத்தான் உங்க குரல் உங்க குரலாட்டம் இருக்கு. பகல்ல பேசினா வெட்டி வெட்டி வருது. நான் ஒண்ணு கேட்டா நீங்க முந்தினதுக்குப் பதில் சொல்றீங்க. உங்களுக்குக் காது போச்சுன்னு நெனச்சு, அண்ணன்கிட்ட சொல்லலாமான்னு பாத்தேன்."

ரேடியோக்காவுக்குப் பொறி தட்டியது. பகலில் விபிஎன் உண்டு, இப்போது இல்லை. வேறு எதுவும் மாறவில்லை. ஆனால் இதை ஆபீஸில் சொன்னால், வேலை நேரத்தில் ஆபீஸ் லேப்டாப்பில் நாத்தனாரோடு வம்பளந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலைக்கே உலை வைக்கிற சமாசாரம். கொஞ்ச நேரம் யோசித்தார். தாளைப் பார்த்துப் படிப்பதைவிடத் திட்டு வாங்கலாம் என்று தோன்றியது. மறுநாள் நெட்வொர்க் பார்க்கிறவரைக் கூப்பிட்டார். எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்வதால் அவருக்கு ஆபீஸில் பூட்டு என்று பேர்.

"சார், விபிஎன் விஷயமா..."

"வரலையாம்மா?"

"வருது சார். அதுதான் பிரச்சினை. அது இருந்தா என் குரல் லேட்டா போகுது, இல்லன்னா சரியா போகுது. என் நாத்தனார்கிட்ட ஒரு டெஸ்ட் மாதிரி பண்ணிப் பாத்தேன்."

"தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி நடக்குமே, அந்த டெஸ்டா?"

"அது... உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" ரேடியோக்கா இவ்வளவு சுருக்கமாகப் பேசியது அபூர்வமான சம்பவம்.

"குழாய்ல போறது எல்லாம் எங்களைத் தாண்டித்தாம்மா போகுது. என்ன பேசறீங்கன்னு தெரியாது. எவ்வளவு நேரம்னு தெரியும்."

"எவ்வளவு நேரம் சார்?"

"வேணாம்மா. ரெண்டு பேருக்கும் சங்கடம்."

கோபம் இல்லை என்றதும் ரேடியோக்காவுக்குத் தைரியம் வந்தது. குரலை மட்டும் வெளியே விடக் கூடாதா என்று கேட்டார். முடியாது என்றார் பூட்டு. ஆபீஸ் கதவையும் தெருக்கதவையும் ஒரே மெஷினில் திறந்து வைத்தால் தெருவில் போகிறவன் நேராக ஆபீஸுக்குள் நுழைந்துவிடுவான், திருட்டுப் போனால் யார் தலை உருளும் என்று கேட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

"சரி சார். லிஃப்ட் லைன்லயே உங்களைக் கூப்பிடறேன். மாட்டிக்கிட்ட மாதிரி ஏதாவது பேசுங்க."

கூப்பிட்டார். பூட்டு முதலில் ஒரு ஜோக் சொன்னார்: "வீட்ல எல்லா பாஸ்வேர்டும் என் பொண்டாட்டிகிட்டதான் இருக்கு." சத்தமில்லை. சரி, ரசிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "மாமனாருக்கு வேற உடம்பு சரியில்லம்மா" என்று நிஜத்தையே சொன்னார். ரேடியோக்காவின் கலகல சிரிப்பு மாமனார் தலையில் வந்து இறங்கியது.



"புரியுதும்மா" என்றார் பூட்டு.

தன் மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி அவர் ஒரு வேலை செய்தார். கதவைத் திறக்கவில்லை, ஒரே ஒரு சன்னல் வைத்தார். லிஃப்ட் டெலிபோன் குரல் மட்டும், அதுவும் அந்த அழைப்புகள் சேருகிற டெலிபோன் நிலையத்துக்கு மட்டும், வீட்டு இன்டர்நெட் வழியாக நேராகப் போகும். கட்டட விவரம், மெக்கானிக் விவரம், மற்ற எல்லாமே குழாய்க்குள்தான். தன் பூட்டில் ஒரு கீறல் விழாமல் இதைச் செய்ததில் அவருக்குக் கர்வம் தாங்கவில்லை.

"அப்போ என் நாத்தனார் சார்?"

"நாத்தனார் குழாய்லதாம்மா."

தாளை நிறுத்தி வைக்க சூப்பர்வைசர் மேடம் ஒரு நிபந்தனை போட்டார். முதல் அழைப்பை அவரும் லைனில் இருந்து கேட்பார், பேச மாட்டார். தடுமாறினால் அன்றைக்கே தாள்.

அழைப்பு வந்தது. சாமான் தூக்குகிறவர் ஒருவர், பீரோவோடு இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். ரேடியோக்கா மெக்கானிக்கை அனுப்பினார். ஹெட்செட்டில் அந்த ஆளின் மூச்சுக்கூடத் தெளிவாகக் கேட்டது. அது வேகமாக வாங்கியது.

"அக்கா, நகர இடமில்ல. பீரோ என்மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது."

"பயப்படாதீங்க தம்பி, மெக்கானிக் கிளம்பியாச்சு. பீரோவுக்கும் பயமா இருக்குமில்ல? உங்களை விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

அந்தக் கணமே அவர் சிரித்தார். ரேடியோக்காவும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் சேர்ந்து ஒலித்தன.

"இதைக் கேளுங்க. எங்க மாடியில ஒருத்தர் பீரோ வாங்கினாரு. வாசல்ல நுழையல. படுக்க வெச்சாச்சு, நிமித்தியாச்சு, ம்ஹூம். சரி, நிலையைப் பேத்துடலாம்னு கடப்பாரையோட வந்துட்டாரு."

"அய்யய்யோ!" மூச்சு இறங்கியிருந்தது.

"அவரு வீட்டம்மா உள்ள இருந்து வந்தாங்க. கடப்பாரையப் பாத்தாங்க, பீரோவப் பாத்தாங்க, புருஷனப் பாத்தாங்க. இடுப்புல கைய வெச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாங்க பாருங்க..."

தடதடவென்று சத்தம். மெக்கானிக்கின் குரல். கதவு திறந்துவிட்டது.

"நல்லதா போச்சு தம்பி, பாத்து இறங்குங்க."

"அக்கா, வெச்சுடாதீங்க! அந்தம்மா என்ன சொன்னாங்க?"

ரேடியோக்காவுக்கு அப்போதுதான் மேடம் கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. கதவு திறந்தால் அழைப்பை முடிக்க வேண்டும் என்பது விதி. நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்னறையில் தையல் மெஷினும் நின்றுபோயிருந்தது.

லைனில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"தாள் கிடக்கட்டும்" என்றார் சூப்பர்வைசர் மேடம். "என்ன சொன்னாங்க?"

ரேடியோக்கா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேடம் ஒன்றையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்று கதையைப் பீரோ வாங்கின கடையிலிருந்து ஆரம்பித்தார்.