இங்கிருந்தா, அங்கிருந்தா

விசா விஷயத்தில் கருத்துச் சொல்லாத ஆள் இந்த இலங்கை மலைநாட்டு லிந்துலையில் இல்லை. கறிக்கடைக்காரர் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா சொன்னார், கோயில் பூசாரி திருநீறு கொடுத்துக்கொண்டே சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது. யாராவது "ஒரு வழி இருக்கு" என்று ஆரம்பித்தாலே தலை வலிக்கும்.

நான் கூடலூர்க்காரி. நீலகிரி மலையில், இந்தியாவில் இருக்கிற கூடலூர். அப்பா பிறந்தது என்னவோ இலங்கையில், அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்து வரிசைவீட்டு லயம் ஒன்றில். தோட்டத்துத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில் அவர் குடும்பத்தையும் கப்பலேற்றினார்கள். அவருடைய சித்தப்பா மகள் மட்டும் இலங்கையிலேயே தங்கிவிட்டார். அந்த அத்தையின் மகனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். போனில் பழகி, ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நேரில் பார்த்து, இரண்டு குடும்பமும் தலையாட்டி நடந்த கல்யாணம். தாலி கட்டியதும் பதிவு செய்ததும் இங்கேதான். அதோடு சரி. அவர் லிந்துலையில் ஆட்டோ ஓட்டினார், நான் கூடலூரில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதச் சொல்லிக்கொடுத்தேன். லீவு கிடைக்கும்போதெல்லாம் விசிட் விசாவில் ஓடி வருவேன். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும், வருவதும் பெட்டி கட்டுவதுமாகவே இருந்தது என் குடும்ப வாழ்க்கை.

போன தடவை வந்தபோது, இனி இப்படி அலைய முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்தேன். மனைவி என்ற முறையில் இங்கே தங்குவதற்கான விசா வாங்க வேண்டும். எங்கிருந்து விண்ணப்பிப்பது என்பதுதான் பிரச்சினை. இங்கே இருந்துகொண்டே போடலாம். விசிட் விசாவை நீட்டித்துக்கொண்டு, முடிவு வரும்வரை நாட்டை விட்டு நகராமல், எந்த வேலையும் செய்யாமல் கிடக்க வேண்டும். ஆனால் அவரோடு இருக்கலாம். இல்லையென்றால் கூடலூருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து போடலாம். கேள்வி குறைவு, சிக்கல் குறைவு. எத்தனை மாதமாகும் என்று மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கொழும்புக்குப் போய்க் கேட்டோம். ஒரு கவுன்டரில் இங்கிருந்தே போடுங்கள் என்றார்கள். அடுத்த கவுன்டரில் எதற்கும் அங்கிருந்து போடுவது நல்லது என்றார்கள். இரண்டு பேரும் சிரித்த முகமாகவே சொன்னதால் சண்டை பிடிக்கவும் வழியில்லை. ஹட்டன் வரும்வரை பஸ்ஸில் நான் அவர் தோளில் தூங்கிக்கொண்டு வந்தேன், அவர் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தார்.

தலவாக்கலையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர்தான் புரிகிற மாதிரி பேசினார். உள்ளே இருந்து போட்டால், சின்னக் குறை கண்டுபிடித்தாலும் வெளியே போகச் சொல்வார்கள், அதற்குப் பிறகு திரும்ப வருவதே கஷ்டமாகிவிடும். வெளியே இருந்து போட்டால் குறையைத் திருத்தி மறுபடியும் போடலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நியாயத்தைக் கட்டிக்கொண்டு தனியாகப் படுக்க வேண்டியது நான்தானே.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டேன். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்வோம்" என்றார். எனக்கு வந்ததே கோபம். எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்கிறீர்களா, நாளைக்குத் தப்பாகப் போனால் நீ சொன்னதுதானே என்று சொல்லவா என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவர் ஆட்டோ சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"நீ போயிட்டா நா திரும்பவும் போன்லயே குடும்பம் நடத்தணும். என்னால முடியல புள்ள."

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இங்கிருந்தே போடுவது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு காத்திருப்பு. விடிந்தும் விடியாமலும் அத்தை தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குப் பேர் கொடுக்கப் போய்விடுவார். அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார். நான் லயத்துக் காம்பராவைக் கூட்டிவிட்டு, சமைத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை கூட்டுவேன். கைகால் நன்றாக இருக்கிற மருமகள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் லயம் சும்மா விடுமா? தண்ணீர்க் குழாயடியில் விசாரணை ஆரம்பித்துவிட்டது. மகாராணி இன்னும் எழும்பவில்லையா என்று ஒரு கிழவி கேலியே செய்துவிட்டாள். அத்தைக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஒருநாள் காலையில், சும்மா என்கூட மலைக்கு வாயேன் என்றார். தேயிலை நிற்கிற இடத்தைத்தான் மலை என்பார்கள். போனேன். கூடலூரிலும் தேயிலைதான், அம்மாவோடு போய்ப் பறித்துப் பழகிய கை. பறித்ததையெல்லாம் அத்தையின் கூடையிலேயே போட்டேன். தாய்க்கு மகள், மாமியாருக்கு மருமகள் இப்படிக் கைகொடுப்பது தோட்டத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது மாதிரி. கங்காணி பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அதன்பிறகு மழை இல்லாத காலைகளில் போய்வந்தேன். உடம்பு அலுத்தால் ராத்திரி தூக்கமாவது வந்தது.

விண்ணப்பத்துக்கு கிராம சேவகரின் கடிதம் வேண்டியிருந்தது. நாங்கள் உண்மையிலேயே ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறோமா என்று பார்க்க அவரே லயத்துக்கு வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்தோம். கல்யாணப் போட்டோவைப் பார்த்தார், பதிவுச் சான்றிதழைப் பார்த்தார், எல்லாம் சரி என்று தலையாட்டினார். எழுதத் தொடங்கியவர், போகிற போக்கில் அத்தையைப் பார்த்து மருமகள் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்டார்.

அத்தை அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி முன்னால் வந்தார். "சும்மா ஒக்காந்து திங்கிற புள்ள இல்லீங்க ஐயா. எங்கூட மலைக்கு வந்து கொழுந்து பறிக்கிது. இங்க பொறந்த புள்ளைங்களவிட வேகமுங்க."

நான் கண்ணைக் காட்டினேன். அத்தை எங்கே பார்த்தார்? பக்கத்துக் காம்பராக்காரியை வேறு கூப்பிட்டு, நீயே சொல்லு என்றார். அவளும் ஆமாங்க ஐயா, கெட்டிக்காரப் புள்ள என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனாள்.

கிராம சேவகர் பேனாவை மூடினார். "அம்மா, விசிட்ல வந்தவங்க வேலை செய்ய ஏலாது. நான் இப்ப காதால கேட்டுட்டேன்தானே."

சம்பளம் வாங்கவில்லை, பேர் கொடுக்கவில்லை, கூடமாட உதவியதுதான் என்று நான் சொன்னேன். அவருக்கும் அது விளங்கியது. ஆனால் லயம் முழுவதற்கும் தெரிந்த விஷயம், நாளைக்குக் கொழும்பிலிருந்து வந்து விசாரித்தாலும் இதையேதான் சொல்வார்கள், அப்போது எல்லாமே கெட்டுப்போகும் என்றார். விசா முடிவதற்குள் போய்விட்டு, அங்கிருந்து போடுங்கள், அதற்கு வேண்டிய கடிதத்தை நான் நல்லபடியாகத் தருகிறேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

என் வீட்டுக்காரர் தாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே போய், அழுக்கே இல்லாத ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அத்தை மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? டிக்கெட் போட்ட பிறகும் நான் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன்.

கிளம்புகிற காலையில் அத்தை பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சலுக்குக்கூட நிற்காத மனுஷி. என் பையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை, கேட்டேவிட்டேன். ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க, வீட்ட பாத்துக்கிதுன்னு சொல்லியிருந்தாப் போதுமே என்றேன்.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வேல செய்யிற புள்ளன்னு சொன்னா வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன் கண்ணு. எங்கள எல்லாம் அதுக்குத்தானே வச்சிருந்தாங்க."