பந்தி நேரத்துப் பாட்டு

போன காலம் திரும்பாது என்று பாட்டில் வருவதெல்லாம் மெட்டுக்கு இடம் நிரப்பத்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்தே தலை நரைத்தவன் நான். எங்கள் லைட் மியூசிக் குழுவில் ஒரு வழக்கம்: சோகப் பாட்டுகளைப் பந்தி நேரத்தில்தான் பாடுவோம். கூட்டம் சாப்பிடப் போயிருக்கும். கேட்க ஆளில்லாதபோது வருத்தத்தையெல்லாம் பாடித் தீர்த்துவிடுவது.

குழுவில் டோலக் வாசித்த நண்பன் ஒரு பாட்டு எழுதினான்.

சொல்ல வந்ததைச் சுருட்டி வைத்தேன்,
விரித்துப் பார்த்தால் வீடு காலி.

மெட்டு என்னுடையது. அதையும் பந்திக்கே தள்ளினேன்.

"மாப்ள, ஒரு தடவையாவது ஆளுங்க உட்கார்ந்திருக்கும்போது பாடுடா."

"உன் பாட்டைக் கேட்டா கல்யாண மாப்பிள்ளையே எந்திரிச்சுப் போயிருவாருடா."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அந்த முகூர்த்த சீசனோடு குழுவை விட்டுப் போனான். மன்னிப்புக் கேட்க என் பொன்மலை வீட்டிலிருந்து அவன் இருக்கும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏற வேண்டும், அவ்வளவுதான். காசிக்கா போகச் சொன்னார்கள்? பன்னிரண்டு வருடம் போகவில்லை.

இந்த ஆடியில் ஒரு திங்கட்கிழமை அவன் மனைவி போன் செய்தார்.

"அண்ணே, அவருக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. டயாலிசிஸும் வேணாம்னுட்டாரு. நீங்க வந்து அந்தப் பாட்டைப் பாடணுமாம். சீக்கிரம் வாங்கண்ணே."

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். எனக்கோ ஜலதோஷம். கரகரத்த குரலில் பாடி அவன் பாட்டைக் கெடுத்துவிட்டால்? உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், மிளகு மென்றேன், ஆவி பிடித்தேன். போர்வைக்குள்ளிருந்து ஸ்வரம் வருவதைக் கேட்டு என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அவரு கூப்பிட்டது உங்களையா, உங்க தொண்டையையா?"

"தொண்டை இல்லாம அங்க போய் நான் என்ன செய்ய, கை தட்டவா?" என்றேன்.

பயத்தில் வந்த ஜோக்குதான். அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. சளி நல்ல சாக்காக வாய்த்தது. ஐந்து நாள் அதை ஊட்டி வளர்த்தேன்.

சனிக்கிழமை குரல் திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் பாட்டு நோட்டு. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது சுருதி கூடப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

வீட்டு வாசலிலேயே அவன் மனைவி சொன்னார்.

"நேத்து மத்தியானத்துலேருந்து நினைவில்லைண்ணே. நேத்து காலையிலகூட நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டாரு."

கட்டிலருகே உட்கார்ந்து இரண்டு சரணமும் பாடினேன். குரல் எங்கும் பிசிறவில்லை. அவன் கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இறந்துபோனான்.