ஒட்டுத்துணி கவுன்

தெருவுக்கே கிறிஸ்துமஸ் உடுப்பு தைத்துக்கொடுக்கிற மிஷின் அக்காவுக்குத் தன் மகளுக்கென்று ஒரு முழத் துணி வாங்க வக்கில்லை. ஒவ்வொரு வீட்டுத் துணியையும் வெட்டும்போது விழுந்த, குப்பைக்குப் போகவேண்டிய துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டுப்போட்டு ஒரு கவுன் தைத்துவிட்டாள். தையல் அவ்வளவு நேர்த்தி. போட்டுப் பார்த்த மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சர்ச்சில்தான் வினை வந்தது. சமாதானம் சமாதானம் என்று பாடிய வாய்கள் மூடுவதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இந்தக் கை என் பட்டுத்துணிதானே? துணி பத்தலைன்னு சொல்லித்தானே எனக்குக் கையைக் குட்டையா வெச்சீங்க?" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி.

"காலர் எங்க வீட்டுது" என்றாள் இன்னொருத்தி.

"எல்லாம் கீழ விழுந்த துண்டும்மா, சத்தியமா" என்றாள் மிஷின் அக்கா. காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் கவுனைக் கழற்றி நீட்டினாள்.

"பிரிச்சு அவங்கவங்களுக்கே குடுத்துரும்மா."

அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தெருவிலிருந்து ஒரு துணிகூடத் தைக்க வரவில்லை. ஒட்டுப்போடக்கூட அவளிடம் துண்டில்லை.