கீமேன் பாஞ்சாலியம்மாள் சிலோரிட்டிஸ் மலை ஏறியது

ரயில்வேயில் கீமேன் என்றொரு வேலை உண்டு. சுத்தியலும் ஸ்பேனரும் தோளில், கொடிகள் கையில். தண்டவாளத்தோடு நடந்துபோய், தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கி, எங்காவது விரிசல் தெரிகிறதா என்று பார்த்தபடியே போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பெண் செய்தாலும் வேலைக்குப் பெயர் அதுதான். திருத்தணியிலிருந்து பொன்பாடிப் பக்கமாக இருபத்திரண்டு வருடம் அந்த வேலையைச் செய்தவர் பாஞ்சாலியம்மாள். அதற்கு முன்னால் பதினொரு வருடம், பாதையைப் பராமரிக்கிற கேங்கில், தண்டவாளத்தின் அடியில் கொட்டுகிற ஜல்லியை வாரினார்.

அவருடைய புருஷன் கிருஷ்ணனும் கேங்கில் இருந்தவர்தான். மஞ்சள்காமாலை வந்து முப்பத்தொரு வயதில் இறந்துபோனார். வாரிசு என்ற முறையில் அந்த வேலை பாஞ்சாலியம்மாளுக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு, மகன் அரசுவுக்கு மூன்று. சேலைமேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பின்னாளில் கீமேன் இடம் காலியானபோது, தனியாக நடக்கிற வேலைக்குப் பெண்ணைப் போடுவதா என்று மேஸ்திரி தயங்கினார். மூன்று மாதம் கொடுங்கள், சரிப்படாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று பாஞ்சாலியம்மாள் கேட்டு வாங்கினார். அதற்கப்புறம் எடுக்கிற பேச்சே வரவில்லை.

2024இல் ஓய்வுபெற்றார். மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மருமகள் மோனிகா திருத்தணியிலேயே மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வீட்டில் டிவி இருந்தது, ஃபேன் இருந்தது, வேளாவேளைக்குச் சோறு இருந்தது. இரண்டாவது மாதமே கால் வீங்கிக்கொண்டது. டாக்டர் பார்த்துவிட்டு நடக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தன்வீரின் நடைக்குழுவில் வந்து நின்றார்.

தன்வீர் அரக்கோணத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களை நகரி, நாகலாபுரம் மலைகளுக்கு நடத்திக் கூட்டிப்போவார். நான் தாலுகா ஆபீசில் நாற்காலியிலேயே வாழ்கிறவன். முதல் நாளே பாஞ்சாலியம்மாள் என்னைத் தாண்டிப் போனார். போனவர் மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து, கீழே ஒரு கோடுபோலத் தெரிந்த ரயில்பாதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மலை முப்பத்து மூன்று வருடமாகத் தன் பக்கத்திலேயே இருந்தது, ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை என்றார்.

தன்வீர் வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்கும் ஒரு நடைப்பயணம் ஏற்பாடு செய்வார். போன வருடம் கிரேக்க நாடு. ஒரு ஞாயிறு டிபன் சாப்பிடும்போது செல்போனில் படங்களைக் காட்டினார். கிரீட் தீவின் மலைகள். சாம்பல்நிறப் பாறை, முள்செடி, கொளுத்துகிற வெயில், ஆடுகள். பாஞ்சாலியம்மாள் போனை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நம்ம நகரி மாதிரியேதான் கீது. இன்னா, கீழ கடல் கீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நானும் வரேன் தம்பி" என்றார்.

தன்வீர் உடனே தலையாட்டவில்லை. நகரி மலைமேல் பத்துக் கிலோ மூட்டையோடு மூன்று ஞாயிறு ஏறி இறங்கச் சொன்னார். மோனிகா ஒரு பைக்குள் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். மூன்றாவது ஞாயிறு பாஞ்சாலியம்மாள் இறங்கி வந்து தண்ணீர் குடித்து முடித்தபோது, எங்களில் பாதிப்பேர் இன்னும் மேலேயே இருந்தோம்.

வீட்டில்தான் தகராறு. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நடப்பதற்காக யாராவது பிளேன் ஏறிப் போவார்களா என்றார்கள். அதெல்லாம் அவரைத் தொடவில்லை. அரசு சிரிக்கவில்லை. மழையிலும் வெயிலிலும் அம்மா நடந்து நடந்துதான் தன்னைப் படிக்கவைத்தாள், இனியாவது அவள் கால் தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவன் வைராக்கியம். இந்தப் பயணம் அவனுக்குத் தன் முகத்தில் அடித்ததுபோல இருந்தது. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவரே பேச்சை எடுத்தார். என்ன பேசினார் என்பதை மோனிகா எங்களிடம் சொன்னாள்.

"இத்தினி வருசமா தரைய பாத்துகினே நடந்தேன்டா. கண்ண எடுத்தா கிளிப்பு போயிடும், வேல போயிடும். ஒரு தபா தலைய நிமித்தி நடந்துட்டு வரேன்."

பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய காகிதங்களை மறுநாள் அரசுதான் ஜெராக்ஸ் எடுத்து வந்தான். மோனிகா பேன்ட்டும் நல்ல ஷூவும் வாங்கி வந்தாள். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் பழகினார்.

ஜூன் முதல் வாரம் எட்டுப் பேர் புறப்பட்டோம். கிரீட்டில் எங்களுக்கு வழிகாட்டி மனோலிஸ். நாற்பது வயது, பெரிய மீசை, பேச்சு கம்மி. எங்களில் வயதானவர் பாஞ்சாலியம்மாள் என்று பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, முதல் நாளே அவரை வரிசையின் கடைசியில், தன் கண்முன்னால் நடக்கவைத்தார். கடலோரமாக ஒற்றையடிப் பாதை. நீலமென்றால் அப்படியொரு நீலத்தை நான் பார்த்ததில்லை. வழியில் ரொட்டியும் தக்காளியும் ஆலிவும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். பாஞ்சாலியம்மாள் ஆலிவை ஒரு கடி கடித்துவிட்டு, ஊறப்போட்ட நெல்லிக்காயில் பாதிகூட இல்லை என்று ஒதுக்கிவைத்தார்.

நான்காம் நாள் பெரிய மலை. சிலோரிட்டிஸ். அந்தத் தீவிலேயே உயரமானது, இரண்டாயிரத்து நானூற்றைம்பது மீட்டருக்கும் மேலே. நிடா என்ற மேட்டுச் சமவெளியிலிருந்து காலை ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அங்கே ஆட்டிடையர்கள் கல்லை அடுக்கிக் கட்டிய வட்டக் குடிசைகள். ஆடுகளின் கழுத்துமணிச் சத்தம் வெகுதூரம் கூடவே வந்தது. மனோலிஸ் ஒரே ஒரு விதி சொன்னார். மதியம் ஒரு மணிக்கு யார் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

பத்து மணிக்குமேல் பாறை முடிந்து உதிரிக்கல் சரிவு தொடங்கியது. மலையே பொடிந்து வழிந்ததுபோல, சரிவு முழுக்கக் கையகலக் கற்கள். ஒரு அடி வைத்தால் அரை அடி கீழே இழுத்தது. நிழல் கிடையாது. இரண்டாவது திருப்பத்தில் விஜயராகவன் சறுக்கினார். திருவள்ளூர்க்காரர், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர், குழுவிலேயே அதிகமாகத் தயார் செய்துகொண்டு வந்தவர். ஏழெட்டு அடி சறுக்கிப்போய் நின்றார். அடி ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஆனால் எழுந்திருக்க மறுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார்.

அங்கே யாரையும் விட்டுப்போக முடியாது. மனோலிஸ் தன்வீரோடு கொஞ்சநேரம் பேசினார். தன்வீர் தயக்கத்தோடு எங்களிடம் வந்தார். விஜயராகவனைத் தான் கீழே கூட்டிப்போவதாகவும், பாஞ்சாலியம்மாளும் தங்களோடு இறங்கிவிடுவது நல்லது என்று மனோலிஸ் நினைப்பதாகவும் சொன்னார். இனிமேல் சரிவு இன்னும் மோசம், வயதானவர்களுக்கு ஆபத்து.

பாஞ்சாலியம்மாள் சரிவை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இது ஜல்லிதான தம்பி" என்றார். "சார நான் கூட்டிகினு வரேன்னு அவருகிட்ட சொல்லு."

தன்வீர் மொழிபெயர்த்தார். மனோலிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் பார்ப்போம் என்றார்.

பாஞ்சாலியம்மாள் விஜயராகவன் பக்கத்தில் போய்க் குந்தினார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தார். அவர் ஊன்றி வந்த தடிகள் இரண்டையும் வாங்கி என்னிடம் நீட்டினார். அப்புறம் பாஞ்சாலியம்மாள் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

"பெரிய கல்லு மேல கால வைக்காதீங்க சார், அது உருளும். பொடி இருக்குற எடத்துல பாதத்த முழுசா வைங்க. வச்சதும் அடுத்த கால தூக்கிடாதீங்க. கல்லு உக்காரட்டும், அப்புறம் தூக்குங்க. மேல பாக்க வேணாம். என் குதிகாலப் பாத்துகினே வாங்க."

"விழுந்துட்டேன்னா?" என்றார் விஜயராகவன்.

"உழுந்தா எழுந்துக்கலாம். வாங்க."

அவர் முன்னால், விஜயராகவன் பின்னால். முதல் இருபது அடிக்கு ஐந்து நிமிடம் ஆனது. பாஞ்சாலியம்மாளின் கால் பட்ட இடத்தில் கல் சத்தமே போடவில்லை. எங்கள் காலடியில் எல்லாம் சலசலவென்று சரிந்துகொண்டிருந்தது, அவர் காலடியில் மட்டும் ஒரு சின்ன முனகலோடு கல் அடங்கியது. கொஞ்சநேரத்தில் நாங்கள் எல்லோரும் அவர் வைத்த இடத்திலேயே கால் வைத்து ஒரே வரிசையாக ஏறிக்கொண்டிருந்தோம். மனோலிஸ் கடைசியில் வந்தார். பத்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

சரிவு முடிந்து முகட்டில் ஏறியதும் மனோலிஸ் வரிசையைத் தாண்டி முன்னால் வந்து, இவர் என்ன வேலை செய்தவர் என்று தன்வீரிடம் கேட்டார். தன்வீர் விளக்கினார். மனோலிஸ் பாஞ்சாலியம்மாளின் ஷூவை ஒருமுறை குனிந்து பார்த்தார். எங்கள் தீவில் ரயிலே கிடையாது, அதனால்தான் எனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு கையை நீட்டி, முன்னால் போகும்படி காட்டினார். அந்தப் பயணம் முடிகிறவரை அவரை யாரும் கடைசியில் நிறுத்தவில்லை.

பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு உச்சியில் நின்றோம். நிழல்பக்கமாக இன்னும் கொஞ்சம் பனி உருகாமல் கிடந்தது. கல்லைக் கல்மேல் அடுக்கிக் கட்டிய சின்னஞ்சிறு கோயில் ஒன்று, சிலுவைக்கோயில். வடக்கே ஒரு கடல். தெற்கே இன்னொரு கடல். நடுவில் வெயிலில் வெளுத்த மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. பாஞ்சாலியம்மாள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, தலையைக் குனிந்து அந்தக் கோயிலுக்குள் போய், ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். அங்கே வருகிறவர்கள் பெயர் எழுத ஒரு நோட்டு இருந்தது. பேனாவை வாங்கி, வரிசையாக இருந்த கிரேக்க, ஜெர்மன், ஆங்கிலப் பெயர்களுக்குக் கீழே, 'கி. பாஞ்சாலி, கீமேன், திருத்தணி' என்று தமிழில் எழுதினார். விஜயராகவன் அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார். அவர் கண் கலங்கியிருந்தது. யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு பாஞ்சாலியம்மாள் என் போனை வாங்கி அரசுவுக்கு வீடியோ கால் போட்டார். ஊரில் அப்போது மதியம் மூன்றேகால். அவன் தொழிற்சாலை கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தான். போனை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வடக்குக் கடல், மலைகள், தெற்குக் கடல், கோயில், கடைசியில் தன் முகம்.

பக்கத்து மேசைக்காரரிடம் போனைத் திருப்பிக் காட்டி, "எங்க அம்மா" என்று அவன் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"எம்மா, கால் வலிக்குதா?" என்றான் அப்புறம்.

"வலிக்குதுடா. நல்லாகீது" என்றார் பாஞ்சாலியம்மாள்.

இறங்குவதுதான் கஷ்டம் என்பார்கள். அன்று எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. சமவெளிக்கு வந்ததும் ஆட்டிடையர் ஒருவர் தன் குடிசையில் செய்த பாலாடைக்கட்டியை இலையில் வைத்துக் கொடுத்தார். பாஞ்சாலியம்மாளைக் காட்டி, உதிரிக்கல் சரிவில் எங்களை நடத்திப்போனவர் இவர்தான் என்று மனோலிஸ் அவரிடம் சொன்னார். இடையர் எழுந்து நின்று பாஞ்சாலியம்மாளுக்குக் கைகொடுத்தார்.

அதன்பிறகு நான்கு நாள் சின்னச் சின்னத் தீவுகள், படகு, கடலோர நடை. ஒவ்வொரு காலையும் பாஞ்சாலியம்மாள் முன்னால் நடந்தார்.

ஊர் திரும்பி ஒரு மாதத்தில் தன்வீர் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பெண்களுக்கான நடை, நடத்திப்போகிறவர் பாஞ்சாலியம்மாள். முதல் தடவை நான்கு பேர் வந்தார்கள். இப்போது இருபதுக்குக் குறைவதில்லை. ஓய்வுபெற்ற கேங் பெண்கள், மார்க்கெட்டில் பூ விற்கிறவர்கள், இரண்டு டீச்சர்கள், மோனிகா. இந்த மே மாதம் தன்வீர் மறுபடி கிரீட்டுக்குப் போகிறார். மனோலிஸ் அனுப்பிய மின்னஞ்சலில், உதிரிக்கல் சரிவுக்கு அந்த அம்மாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்று எழுதியிருந்தது. இந்தமுறை அவர் பயணியாகப் போகவில்லை, துணைவழிகாட்டியாகப் போகிறார்.

போன வாரம் எங்கள் நாகலாபுரம் நடைக்கு அரசுவும் வந்திருந்தான். புது ஷூ, புதுப் பை. இரண்டாவது அருவி தாண்டியதும் மூச்சு வாங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலியம்மாள் திரும்பிப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாக வரச்சொல்லிவிட்டு, பாறைகளைத் தாண்டி மேலே ஏறிப்போனார். அரசு தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி, அவர் போவதையே சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான்.