இரண்டாவது ஒரு ரூபாய்

1. கடலூர் மண்டபம்

"வாட்ச் மெக்கானிக்கு. கையில உளி இருக்கு, லென்ஸ் இருக்கு, பொழுதும் நெறைய இருக்கு. இவரே செதுக்கிக்கினு வந்திருக்காரு."

கடலூரில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடிய மண்டபத்தில், நாற்பது பேருக்கு முன்னால், தனபால் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. அவர் பழைய நாணயக் கடை வைத்திருந்தவர். அவர் செல்லும் என்றால் செல்லும், செல்லாது என்றால் செல்லாது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு வாட்ச் ரிப்பேர் கடை. நாள் முழுக்க ஒரு கண்ணில் லென்ஸ் மாட்டியிருப்பவனுக்கு, கல்லாவில் விழுகிற காசையும் அதே கண்ணால் பார்க்கத் தோன்றும். அப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. எல்லாரும் ராஜா காலத்துக் காசு தேடுவார்கள். நான் நடப்பில் இருக்கிற ஒரு ரூபாயில் டை வெரைட்டி தேடினேன். டை என்றால் காசு அடிக்கிற அச்சு. அச்சில் ஒரு கோளாறு இருந்தால், அந்த அச்சில் அடித்த அத்தனை காசிலும் அதே கோளாறு, அதே இடத்தில் இருக்கும்.

எனக்குக் கிடைத்த ஒரு ரூபாயில் ஆண்டு எண் இரட்டையாக விழுந்திருந்தது. கீழே பம்பாய் நாணயச் சாலையின் வைரக் குறி. தானியக் கதிரின் நுனியிலிருந்து விளிம்பு வரை முடி கனத்தில் ஒரு கோடு. கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். இது மேடு. அச்சு விரிசல் விட்டு, அந்த விரிசலுக்குள் உலோகம் போய் நின்ற மேடு.

இதையெல்லாம் அந்த மண்டபத்தில் எடுத்துச் சொன்னேன். "ரெண்டு ஓரத்துலயும் உளியால ஒதுக்கி ஒதுக்கி மேடாக்கத் தெரியாதா உங்களுக்கு? இன்னொண்ணு இருந்தா கொண்டாங்க. ஒத்தக் காசு சாட்சி ஆவாது" என்றார் தனபால். இரண்டாவது காசு கேட்டது நியாயம். செதுக்கினேன் என்று சொன்னது அநியாயம். நான் ஒன்றும் பேசாமல் காசைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

2. ஊர் வாய்

அந்த மண்டபத்தில் எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். எனக்கு முன்னால் சேதி வந்து சேர்ந்துவிட்டது.

வாட்ச் தொழிலில் சாதாரண நாளிலேயே ஜனங்களுக்குச் சந்தேகம். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிவிட்டு மட்டமானதைப் போட்டுவிடுவோம் என்று நினைப்பார்கள். நம்பிக்கை ஒன்றுதான் எங்கள் முதல். இப்போது காசையே செதுக்குகிறவன் என்று பேராகிவிட்டது. நைனார்பாளையத்து வாத்தியார் ஒருவர், நான் பாதி பிரித்துப் போட்டிருந்த வாட்சைத் திருப்பிக் கேட்டார்.

"நாளைக்கு முடிச்சுடறேன் சார்."

"இல்லப்பா, அப்பிடியே குடு. வேற எடத்துல பாத்துக்கறேன்."

ஸ்குரூவும் சக்கரமுமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பதினெட்டு வருஷத் தொழிலில் அப்படி ஒரு பொட்டலம் கட்டியதில்லை.

வீட்டில் என் மனைவி ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். "இன்னா, வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்தீங்க? அவன் அத்தினி பேருக்கு எதுர்ல சொல்றான், நீங்க தலய குனிஞ்சிக்கினு வந்துட்டீங்க. கடைய மூடிட்டு இன்னா பண்றது?"

"இன்னொரு காசு கெடச்சா போதும் ஸ்டெல்லா."

"அப்ப தேடுங்க. வூட்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்தா கெடைக்குமா?"

3. புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

அது இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னாற்காடு முழுக்க மறியல் நடந்த சமயம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ஊரே முடங்கிக் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் காசை எனக்குக் கொடுத்தவர் கல்வராயன் மலைக் கடுக்காய் வியாபாரி. வெள்ளிமலைப் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் புது ஒரு ரூபாய்களை மூட்டையோடு கொண்டுவந்து கூலி போட்டதாகச் சொல்லியிருந்தார். ஒரே அச்சில் அடித்த காசுகள் பெரும்பாலும் ஒரே மூட்டையில் சேர்ந்து கிடக்கும். பஸ் ஓடினால் அவை கீழே இறங்கி நாலு ஜில்லாவுக்குச் சிதறிவிடும். பஸ் ஓடவில்லை. அப்படியானால் மலைக்குப் போன காசில் மிச்சம் மலையிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்!

விடியற்காலையில் சைக்கிளை எடுத்தேன். கச்சிராயபாளையத்துக்கு முன்னால் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"யோவ், எங்க போற? ரோடு மறிச்சிருக்கறது தெரியல?"

"மலைக்கி போறேன். தடுத்தா எறங்கி நடந்து போவேன். நடந்தாலும் தடுத்தா இங்கியே உக்காருவேன். வூட்டுக்கு மட்டும் போவ மாட்டேன்."

அதில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இது வாட்ச் கட அந்தோணி அண்ணன். இன்னா அண்ணா அவ்ளோ அவசரம்?"

சொன்னேன். திருடன் என்று சொல்லாத குறையாகச் சொல்லிவிட்டார்கள், அதைத் துடைக்கப் போகிறேன் என்றேன். மரத்தின் மேலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "நம்மளயும் சும்மா கேட்டா குடுக்க மாட்டன்றான், ரோட்ல உக்கார வேண்டியதாக்கீது. தூக்கி வுடுங்கடா சைக்கிள" என்றார். மரத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் இறங்கியது.

பாதி மலைக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போனேன். வெள்ளிமலையில் இரண்டு நாள் தங்கினேன். கடை கடையாக நோட்டைக் கொடுத்து ஒரு ரூபாய்களாக வாங்கினேன். லென்ஸில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "மறை கழண்ட கேசு" என்று என் காதுபடவே சொன்னார்கள். புது மூட்டைக் காசு நிறைய வந்தது, அதே ஆண்டு, அதே வைரக் குறி. கோடு மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் இறங்கிவிடலாம் என்று டீ குடிக்க நின்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெண்ணின் இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. குழந்தையின் அரைஞாண் கயிற்றில் ஒரு ரூபாய் தொங்கியது. நடுவில் ஓட்டை போட்டுக் கோத்திருந்தார்கள். பழக்க தோஷம், குனிந்து லென்ஸை வைத்தேன். இரட்டை எண். கதிர் நுனியில் கோடு. ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் பொன்னி. பத்து ரூபாய் தருகிறேன் என்றேன்.

"ஒத்த ரூவாக்கிப் பத்து ரூவா எவனாவது குடுப்பானா? இதுல இன்னாமோ கீது. தர மாட்டேன்."

இருபது என்றேன். "புள்ளக்கி காத்து கருப்பு அண்டாம கட்டுனது அண்ணே. ஆயிரம் குடுத்தாலும் அவுக்க மாட்டேன்."

அதற்குமேல் விலை பேசுவது கேவலமாக இருந்தது. உண்மையைச் சொன்னேன். என் காசை எடுத்து, லென்ஸை அவள் கண்ணில் வைத்து, இரண்டையும் பார்க்கச் சொன்னேன். மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான? குருடனுக்குக் கூடத் தெரியுமே. இதயா நீ செதுக்குனன்னு அவன் சொன்னான்?"

"ஆமாம்மா."

"காச அவுக்க மாட்டேன். ஆனா அந்த ஆளு எங்க இருக்கான்னு சொல்லு. புள்ளயோட வரேன்."

4. குனிந்து பார்த்தவர்

பாதை திறந்தபின் அடுத்த கூட்டத்துக்குப் பொன்னி வந்தாள். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். என்னை நம்ப முடியாது என்று சொல்லிவிட்டே வந்தாள்.

மேஜை மேல் என் காசை வைத்தேன். "இன்னொண்ணு கேட்டீங்க. கொண்டாந்திருக்கேன்" என்று குழந்தையைக் காட்டினேன். தனபால் சிரித்தார். கயிற்றை அவிழ்த்துத் தரச் சொன்னார்.

"அவுக்கறதில்ல. நீங்க குனிஞ்சு பாருங்க" என்றாள் பொன்னி.

அந்த மண்டபத்தில் அதுவரை தனபால் யாருக்கும் குனிந்ததில்லை. லென்ஸோடு குனிந்தார். குழந்தை அவர் வழுக்கையில் தாளம் போட்டது. யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். அவர் என் காசைப் பார்த்தார், திரும்பக் குனிந்தார். மூன்று முறை அப்படிப் பார்த்தார். விற்பதற்காகச் செதுக்குகிறவன் எவனும் அதே காசில் ஓட்டை போட்டுக் கெடுக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியாததா?

நிமிர்ந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ரெண்டும் ஒரே டைதான்" என்றார்.

"அன்னிக்கி எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ அவ்ளோ சத்தமா சொல்லுங்க."

"எதுக்குங்க அதெல்லாம்? நல்ல வெல தரேன், காச எனக்கே குடுத்துடுங்க."

"வெலக்கி வரல. சொல்லுங்க."

இந்த முறை நான் தலை குனியவில்லை. ஸ்டெல்லா பின்னால் நிற்கிறாள் என்கிற தைரியமும்தான். தனபால் நாற்பது பேரையும் ஒரு முறை பார்த்தார்.

"இது காசு அடிக்கிற சாலையிலயே விழுந்த அச்சுக் கோளாறுதான். இவர் செதுக்கல. நான் சொன்னது தப்பு."

ஜவுளிக்கடைக்காரர் அன்றும் வந்திருந்தார். அவரைப் பார்த்து ஸ்டெல்லா, "கேட்டுக்கினீங்களா? இதயும் ஊர்ல போய் சொல்லுங்க" என்றாள்.

வாத்தியார் அந்தப் பொட்டலத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஸ்குரூ குறைந்தது, நான் போட்டுக்கொடுத்தேன். என் காசை இன்றுவரை விற்கவில்லை.

காசில் வெரைட்டி தேடும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒன்று கிடைத்தால் வாயைத் திறக்காதீர்கள், இரண்டாவதைத் தேடுங்கள். அது கிடைத்த பிறகு, எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் வாயை மூடாதீர்கள்.