கையில் பாரம் போடாதே

என் கைகள் மரத்துப்போனது எனக்குத் தெரிய முன்பே, என்னிடம் விங் சுன் பழக வந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லாததால் என்ன கெட்டுப்போனது என்பதைப் பிள்ளைகள் நீங்கள் அறிய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவன். இப்போது சுவிசில், லாங்கன்தால் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கிழமையில் இரண்டு பின்னேரம், பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் இந்தச் சீனத் தற்காப்புக் கலையைப் பழக்கினேன். தொழிற்சாலையில் என் பெயர் நீளம் என்று யாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை. மண்டபத்தில் என்னை 'சிஃபு' என்றார்கள். ஆசிரியர் என்று அர்த்தம். அந்த இரண்டு பின்னேரத்துக்காகத்தான் மற்ற நாட்களைக் கழித்தேன்.

1. முதல் நாள்

சுவிசுக்கு வந்த புதிதில் பேர்ணில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் நின்று கழுவிய மார்க்குஸ் என்ற சுவிஸ் பொடியன்தான் என்னை லின் அம்மாவிடம் கூட்டிப்போனான். அவர் ஹொங்கொங்கில் பிறந்தவர். பகலில் உடுப்புத் திருத்தும் கடை. பின்னேரம் அதே கடையின் பின்னறையில் வகுப்பு.

முதல் நாளே என் முன்னங்கையைத் தன் முன்னங்கையின் மேல் வைக்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். அவர் மெலிந்த பெண்மணி. என் பலத்தைக் காட்டலாம் என்று நினைத்து அவர் கையை அழுத்தி அமத்தினேன். அவர் கையை எடுத்துவிட்டார். நான் அப்படியே முன்னால் போய், துணி அடுக்கிய மேசையில் முகம் குப்புற விழுந்தேன். மார்க்குஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

லின் அம்மா சிரிக்கவில்லை. என்னைப்போலவே அவரும் உடைந்த ஜெர்மன்தான் பேசுவார்.

"உன்ரை பாரத்தை நீயே வச்சிரு. என்னட்டைத் தராதை. தந்தா, அதை வச்சே உன்னை விழுத்துவன்."

2. கதையும் முறையும்

விங் சுன் தென்சீனத்தின் கலை. கோயில் ஒன்று எரிக்கப்பட்டபோது தப்பி ஓடிய ஒரு துறவிப் பெண், பாம்பும் கொக்கும் சண்டை பிடிப்பதைப் பார்த்து இதை உண்டாக்கினார் என்பது கதை. தோஃபு விற்றவர் ஒருவரின் மகளை ஊர்ச் சண்டியன் பலவந்தமாகக் கலியாணம் செய்யப் பார்த்தான். துறவி அந்தப் பெண்ணுக்கு இதைப் பழக்கினார். அவள் அவனை அடித்து விழுத்தினாள். அவள் பெயர்தான் விங் சுன்.

என் மகள் அபி சின்னவளாக இருந்தபோது கேட்டாள். "அப்பா, அந்த அக்கா உண்மையா இருந்தவவோ?"

"தெரியேல்லை பிள்ளை. எழுதி வச்ச சாட்சி ஒண்டும் இல்லையாம். எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்லுறன்."

பிறகு, சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய் ஆடிய கூத்துக் குழுக்களிடம் இது இருந்ததாம். அரசனுக்குப் பயந்தவர்கள் கூத்தாடிகளுக்குள் ஒளிந்திருந்தார்களாம். படகை ஊன்றிய நீளத் தடிதான் இந்தக் கலையில் வரும் தடி என்பார்கள். பிறகு இந்தக் கலை ஃபோஷான் என்ற பட்டினத்தில் வளர்ந்து, ஹொங்கொங்குக்கு ஓடி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது குகன் கேட்டான். "அப்ப இதுவும் எங்களைப்போலை அகதிதானே அண்ணை. இதுக்கு பி பெர்மிட்டோ, சி பெர்மிட்டோ?" பி, சி என்பவை சுவிசில் எங்களுக்குத் தரும் வதிவிட அனுமதிகள். குகன் என் வகுப்பில் மூத்தவன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை.

முறை இதுதான். மூக்கில் இருந்து தொப்புள் வரை ஒரு கோடு இருப்பதாக நினையுங்கள். அந்த நடுக்கோட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது. எதிராளியின் நடுக்கோட்டை நேரே பிடிக்க வேண்டும். முழங்கை உடம்பை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு கை தடுக்கும்போதே மற்றக் கை அடிக்க வேண்டும். பெரிய பலத்தோடு முட்டாமல் அதைத் திருப்பிவிட வேண்டும்.

இதையெல்லாம் கைக்குள் இறக்குவது 'சி சாவ்'. ஒட்டும் கைகள் என்று அர்த்தம். இருவர் முன்னங்கைகளைத் தொட்டபடி உருட்டுவார்கள். தொடுகையிலேயே மற்றவர் நினைப்பதை அறிய வேண்டும். வரும் கையை ஏற்க வேண்டும். போகும் கையோடு கூடவே போக வேண்டும். கை விலகி வழி வெறுமையானால் நேரே உள்ளே போக வேண்டும். கண் இதற்குப் பிந்திவிடும். தோல்தான் வேண்டும். அமத்துகிறவனுக்கு எதுவும் தெரியாது. அவன் தன் பலத்தை மட்டும்தான் உணர்வான்.

3. "ஏன் அமத்துறியள்?"

தொழிற்சாலையில் என் வேலை பிசிறு எடுப்பது. வார்த்து வந்த இரும்புத் துண்டுகளின் ஓரத்தை கிரைண்டரால் தேய்த்து ஒப்புரவாக்க வேண்டும். நாள் முழுக்க மெஷின் கைக்குள் அதிரும். விரல் விறைக்கும். பின்னேரம் சரியாகிவிடும். பிறகு பின்னேரமும் சரியாகாமல் விட்டது. தேத்தண்ணிக் கோப்பை கையால் நழுவியது. களைப்பு என்று நினைத்தேன்.

"நீ குங்ஃபூக்காரன். ஒரு மெஷின் உன்னை என்ன செய்யும்?" என்று ஷெஃப் என்று நாங்கள் கூப்பிடும் மேலாளர் பகிடி பண்ணுவார். நானும் சிரிப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் வகுப்பில் எல்லோருடைய கையும் பாரமானது. அபிக்கு அப்போது பதினாறு வயது. நான் பழக்கியவர்களில் மெல்லிய கை அவளுடையதுதான். அவளும் அமத்தினாள்.

"ஏன் பிள்ளை அமத்துறாய்? கை என்ன உலக்கையோ?"

"சரி அப்பா."

அடுத்த வகுப்பிலும் அதே பாரம். குகன் இன்னும் மோசம். எல்லோரையும் ஏசினேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குக் கவனம் போய்விட்டது என்று எண்ணினேன். என்னோடு உருட்டிய கைகள்தானே, தங்களுக்குள்ளும் அப்படியே உருட்டத் தொடங்கின. அமத்துவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

4. பூம்ப்ளிஸில் ஒரு சனிக்கிழமை

மார்க்குஸ் இப்போது பேர்ண் நகரின் பூம்ப்ளிஸில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறான். இரண்டு வகுப்பும் சேர்ந்து பழகுவோம் என்று கூப்பிட்டான். நல்ல ரீ சேர்ட் போட்டு, எல்லோரையும் ரயிலில் கூட்டிப்போனேன்.

முதலில் அபி. எதிரே நின்ற பிள்ளை பழகத் தொடங்கி அதிக காலம் இல்லை. இருவரும் உருட்டினார்கள். அபி அமத்தினாள். அந்தப் பிள்ளை கையை எடுத்தது. அபி முன்னால் சரிய, அந்தப் பிள்ளையின் குத்து அவள் உதட்டில் பட்டது. அந்தப் பிள்ளையே பயந்துபோய் மன்னிப்புக் கேட்டது.

பிறகு குகன். பிறகு மற்றவர்கள். ஒருவர் மிச்சமில்லாமல் அதே மாதிரிச் சரிந்தார்கள். லின் அம்மாவின் மேசையில் நான் விழுந்த அதே விழுகை.

மார்க்குஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "உன்ரை ஆக்கள் கார் தள்ளுற மாதிரி நிக்கினம். இப்பிடி ஆர் பழக்கினது?"

"நான்தான்" என்றேன். வேறென்ன சொல்ல.

திரும்பும்போது ஸ்டேசனில் அபி உதட்டில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக் கேட்டேன். "எவ்வளவு தரம் சொன்னனான், அமத்தாதை எண்டு?"

பதிலைக் குகன்தான் சொன்னான்.

"அண்ணை, அவளை ஏசாதேங்கோ. நான்தான் எல்லாருக்கும் சொன்னனான். உங்கடை கைக்கு மெல்லமாப் பிடிச்சா விளங்குதில்லை. கொஞ்சம் அமத்தினாத்தான் நீங்கள் கையைத் திருப்புறியள்."

"ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் தெரியும் அண்ணை. நீங்கள் கண்ணாலை எங்கடை தோளைப் பாத்துத்தான் இப்ப உருட்டுறனீங்கள். காது கேக்காத ஆச்சிமாரோடை நாங்கள் சத்தமாக் கதைக்கிறேல்லையோ? அது மாதிரித்தான்."

அபி பையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்கு வகுப்பு இல்லாட்டி வேறை என்ன இருக்கு அப்பா? அதுதான் சொல்லேல்லை."

ரயில் வந்தது. ஏறினோம்.

5. பிறகு

வைத்தியர் கையில் ஊசி வைத்து, கரண்ட் விட்டுப் பார்த்தார். நரம்பு கெட்டுவிட்டது, கிரைண்டரைத் தொடக் கூடாது, போன உணர்வு திரும்பி வராது என்றார். ஷெஃப் என்னைப் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றினார். அதற்குப் பிறகு பகிடி பண்ணுவதில்லை.

மண்டபத்துத் திறப்புச் சாவியைக் குகனிடம் கொடுத்தேன். "நீங்கள் வந்து கதிரையிலை இருந்து சொல்லித்தாங்கோ" என்று கேட்டான். போகவில்லை. தொட்டுப் பார்க்காமல் இந்தக் கலையில் எதையும் திருத்த முடியாது. பார்த்துச் சொல்வதென்றால் வீடியோ போதும்.

புதிதாக வந்த பிள்ளைகள் மெல்லிய கையோடு பழகுகிறார்களாம். பழையவர்களின் கையில் இருந்துதான் அந்தப் பாரம் போகுதில்லை. நான் ஆண்டுக்கணக்கில் பழக்கியதை, என் மேல் வைத்த இரக்கம் ஒரு குளிர்காலத்தில் அழித்துவிட்டது. அபி சனிக்கிழமைகளில் பூம்ப்ளிஸுக்குப் போய் மார்க்குஸிடம் முதலில் இருந்து பழகுகிறாள்.

பிள்ளைகளே, நான் படித்த பாடம் ஒன்றுதான். ஒருவருக்கு ஏதாவது இயலாமல் போவதைக் கண்டால், அன்றே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் கோபிப்பார், அழுவார், பரவாயில்லை. அவருக்காக உங்கள் கையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன மாதம் அபி வகுப்புக்குப் புறப்பட முன் என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, கொஞ்சம் உருட்டுவமோ?"

"எனக்காகப் பாரம் ஒண்டும் கூட்டக் கூடாது. மார்க்குஸின்ரை பிள்ளையளோடை உருட்டுற மாதிரி."

"ஓம்."

கண்ணை மூடினேன். உருட்டினோம். பாரம் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவள் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"அப்பா, அமத்தினனானோ?"

கண்ணைத் திறந்தேன். அவள் ஓர் அடி விலகி, கைகளைக் கீழே விட்டுக்கொண்டு நின்றாள். லின் அம்மாவைப்போலக் கையை எடுத்துப் பார்த்திருக்கிறாள். என் கைகள் இரண்டும் தனியே உருட்டிக்கொண்டிருந்தன.

"இல்லை பிள்ளை" என்றேன். "இப்பதான் உன்ரை கை சரி."